வாயிலிருந்து கையை எடுத்தவர்கள்

வயது எழுபதைத் தாண்டிய பிறகு ஒன்று விளங்குகிறது. படித்த புத்தகங்கள் மறந்துபோகின்றன. கேட்ட பிரசங்கங்களில் முக்கால்வாசி நினைவில் இல்லை. ஆனால் என்னைப் பார்த்து யாரோ சொன்ன ஒரு வார்த்தை, நல்லதோ கெட்டதோ, சொன்னவருடைய குரலோடும் முகத்தோடும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சொன்னவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். வார்த்தை மட்டும் போகவில்லை.

எங்கள் சபை வாலிபர்கள் சமீபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். 'வாயின் வார்த்தையில் வல்லமை' என்று தலைப்பு. பெரியவர் ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்கு நீதிமொழிகள் புத்தகத்தின் பதினெட்டாம் அதிகாரம் ஞாபகத்துக்கு வரவில்லை, என் அப்பாவைப் பெற்ற பாட்டிதான் வந்தாள். சாவையும் வாழ்வையும் நாக்கு கையில் வைத்திருக்கிறது என்று அந்த அதிகாரம் சொல்வதை நான் வாசித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவளிடம் பார்த்துவிட்டேன்.

எங்கள் பூர்வீகம் பாறசாலைப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் தெற்கே போனால் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகிற ஊர்கள் வரும், அதில் ஒன்று. பாட்டி வயல் வேலைக்காரி. களை பறிப்பு, அறுப்பு, மரச்சீனி நடுவது, பிடுங்குவது என்று வருஷம் முழுக்க ஒரே ஜன்மி, அதாவது நிலச்சொந்தக்காரர், வீட்டில்தான் வேலை. சின்னப் பையனாக நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

அந்த வீட்டு முற்றத்துக்கு வந்ததும் பாட்டி ஆளே மாறிவிடுவாள். இடுப்பு கொஞ்சம் வளையும். வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். விரல் இடுக்கு வழியாகத்தான் பேசுவாள். 'அடியன்' என்றுதான் தன்னைச் சொல்வாள். 'நான்' என்ற சொல்லை அந்த முற்றத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி. சாப்பிட்டாயா என்று அன்பாகத்தான் கேட்பார். 'வெள்ளம் குடிச்சாச்சு' என்பாள் பாட்டி. வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர். வீட்டில் அன்று சோறும் சாளை மீன் குழம்பும் வைத்திருப்போம். நானே வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பேன். ஆனாலும் வெள்ளம்தான் குடித்திருப்போம். பாட்டி ஏன் இப்படிப் பொய் சொல்கிறாள் என்று எனக்கு வருத்தமாக இருக்கும். ஓய்வுநாள் பாடசாலையில் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்களே.

அது பொய் இல்லை, நூறு வருஷத்துக்கு மேல் பழகிய பாஷை என்று தெரிந்துகொள்ள நான் பெரியவனாக வேண்டியிருந்தது. வேலை கிடைத்துத் திருவனந்தபுரத்துக்கு வந்தபின் பாளையம் பப்ளிக் லைப்ரரிக்குப் போக ஆரம்பித்தேன். 1829-ல் தொடங்கிய பழைய லைப்ரரி அது. அந்த நாட்களில்தான் சாமுவேல் மெட்டீர் எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. லண்டன் மிஷன் சங்கத்து மிஷனரி, பாளையத்தில் எம்.எம். சர்ச் என்று நாம் சொல்கிற ஆலயம் அவர் பெயரால் நிற்பதுதான். திருவிதாங்கூரைப் பற்றி 1871-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், அடிமைச் சாதி மக்கள் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். தன்னை 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தான் தின்னும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது. அழுக்குக் காடி என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிடப் போகிறேன் என்று உத்தரவு கேட்கக் கூடாது, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு என்று பெயர் இல்லை. பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்றுக்குட்டி என்றோதான் எஜமானிடம் குறிப்பிட வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று பட்டு எதிரே நிற்பவர் தீட்டாகாதபடி கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

லைப்ரரி மேஜையில் அதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. புத்தகத்தில் இருந்தது என் பாட்டி.

ஆனால் கணக்குப் பாருங்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. பாட்டி பிறந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. நான் அவள் பின்னால் நடந்த காலத்தில் நாட்டுக்கே விடுதலை கிடைத்து, ராஜா போய், ஓட்டுப்போடும் காலம் வந்துவிட்டது. அவளை வாயைப் பொத்தச் சொல்லி ஒருவரும் கட்டளையிடவில்லை. அந்த வீட்டுக்காரம்மாகூட ஒருமுறை, 'கையை எடுத்துட்டுப் பேசு, ஒண்ணும் கேக்கல' என்று சொன்னார். பாட்டி கையை எடுத்தாள். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கை மறுபடி மேலே போய்விட்டது. மன்னர் விளம்பரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் காலில் கிடக்கிற சங்கிலி அறுந்துவிடும். தன்னைத் தானே தாழ்த்திச் சொல்லும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்ட நாக்கை எந்த விளம்பரம் அவிழ்க்கும்?

ஒரு மனுஷனைக் கீழே வைக்க வேண்டுமானால் அவனை அடிப்பது மட்டும் போதாது என்று அந்தக் காலத்து அதிகாரத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவன் வாயாலேயே அவனைத் தாழ்த்திச் சொல்ல வைக்க வேண்டும். தினமும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் காதுபடச் சொல்ல வேண்டும். தன் குழந்தையைத் தானே கன்றுக்குட்டி என்று சொல்கிற தகப்பனுக்கு உள்ளே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கேட்டு வளர்கிற குழந்தைக்கு என்ன ஆகும்? வார்த்தைக்கு வல்லமை உண்டு என்று சொல்கிறவர்கள் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி பாட்டியின் இன்னொரு குரலைச் சொல்கிறேன்.

புதன்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் வீட்டு ஜெபம் நடக்கும். ஒரு அரிக்கேன் விளக்கு, ஓலைப்பாய், பத்துப் பதினைந்து பேர். உபதேசியார் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, 'யாராவது ஜெபியுங்கள்' என்பார். பாட்டி எழுந்து நிற்பாள். முதுகு நிமிரும். இரண்டு கையும் மேலே போகும். 'அப்பா, உம்ம மவ வந்திருக்கேன்' என்று தொடங்குவாள். வயலைத் தாண்டி அடுத்த கரைக்குக் கேட்கும் அந்தக் குரல். மழையைப் பற்றி, மகனுடைய இருமலைப் பற்றி, கூலி நெல் குறைத்து அளந்ததைப் பற்றியெல்லாம் நேருக்கு நேர் நின்று பேசுவாள். சில நேரம் சண்டையும் போடுவாள். அந்த முற்றத்தில் கூனி நின்றவளும் இவளும் ஒரே ஆள்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். அங்கே மட்டும் ஏன் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாய்? மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: 'அங்க நிக்கது கூலிக்காரி மக்களே. இங்க நிக்கது மவ.'

அந்தப் பக்கத்துப் பாட்டிமார் ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதற்கும் 'மக்களே' என்றுதான் சொல்வார்கள். யாருக்கும் எதுவும் சொந்தமில்லாத வீட்டில் அந்த ஒரு கூப்பிடுதல் எங்களுக்குச் சொத்து மாதிரி இருந்தது.

பாட்டிக்கு அந்த இரண்டாவது குரலைக் கொடுத்தது எது என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க மாட்டாள். இறையியல் தெரியாது. ஆனால் அவளுடைய ஞானஸ்நானப் பெயர் முழுசாக, மரியாதையாகச் சொல்லப்பட்ட இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, அது வேதக்கோவில். வயலில் அவள் 'எடீ'. கோவில் பதிவேட்டைப் பார்த்து உபதேசியார் பெயர் கூப்பிடும்போது அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அதன் பின்னால் 'அம்மாள்' என்று ஒரு வாலும் இருந்தது. வாரம் தவறாமல் ஒருவர் நம் பெயரை நாலு பேர் முன்னால் முழுசாகச் சொன்னால், மெல்ல மெல்ல அந்தப் பெயருக்கு உள்ளே ஒரு ஆள் வளர்ந்துவிடுகிறார்.

இந்தக் கதை எங்கள் வீட்டோடு முடிவதில்லை. தென் திருவிதாங்கூர் முழுக்க இதுதான் நடந்தது. மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார், எங்களைப் போல ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். அவருடைய அழைப்பை ஒட்டித்தான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். 1809-ல் அங்கே கோவில் எழும்பியது, பள்ளிக்கூடம் வந்தது. எழுத்தைப் பார்க்கவே தகுதி இல்லை என்று சொல்லப்பட்டிருந்த ஒருவருக்கு 'வேதமாணிக்கம்' என்று பெயர். அந்தப் பெயரைத் தெருவில் யாராவது சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்ட முதல் நாளை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எத்தனை பேருக்குக் காது கூசியிருக்கும்! எத்தனை பேருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும்!

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்களிடம் இன்னொரு பெயரும் உண்டு: யேசுவடியான். சபைப் பதிவேடுகளில் இந்தப் பெயர் நிறைய வரும். வாலிபத்தில் எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த ஜனம் மறுபடியும் ஏன் 'அடியான்' என்று பெயர் வைத்துக்கொண்டது என்று கோபப்படுவேன். இப்போது யோசித்தால் அந்த முன்னோர்களின் துணிச்சல் புரிகிறது. ஜன்மியிடம் 'அடியன்' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த நாக்கு, தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்ததன் மூலம் 'நான் உனக்கு அடிமை இல்லை, எனக்கு எஜமான் வேறே ஒருவர்' என்று ஊர் அறியச் சொல்லிவிட்டது. பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதும்போது தன்னைக் கிறிஸ்துவின் ஊழியக்காரன் என்று தொடங்குவதும் இதே தைரியத்தில்தான்.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. சபை கொடுத்த அதே பெயரைச் சபையே பறித்ததும் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் சகோதரன் என்று சொன்னவர்கள், வெளியே வந்ததும் சாதிப் பெயரை முன்னால் ஒட்டி இன்ன கிறிஸ்தவன் என்று சொன்னார்கள். இரவிபேரூரில் அடிமைக் குலத்தில் பிறந்த பொய்கையில் யோகன்னான் மார்த்தோமா சபையில் சேர்ந்து உபதேசம் செய்தார். அங்கேயும் தன் ஜனத்துக்கு வேறு பெயரும் வேறு இடமும்தான் என்று கண்டபின் வெளியேறி, 1909-ல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை ஏற்படுத்தினார். அவர் வெளியேறியது திருச்சபைக்கு வெட்கம் என்றே நான் சொல்வேன். தேவனுடைய பிள்ளை என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு வாசலில் சாதிப் பெயர் சொல்கிற வாயை யாக்கோபு அப்போஸ்தலன் தன் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் விட்டுவைக்கவில்லை. ஒரே வாயால் கர்த்தரைத் துதிப்பதும் அவர் சாயலில் படைத்த மனுஷனைச் சபிப்பதும் எப்படிப் பொருந்தும் என்று அவர் கேட்கிறார்.

சபைக்கு வெளியிலும் எங்கள் மண்ணில் வாயிலிருந்து கையை எடுத்தவர்கள் இருந்தார்கள். வெங்ஙானூர் இங்கிருந்து தொலைவில்லை. அங்கே பிறந்த அய்யன்காளி 1893-ல் தன் ஜனத்துக்குத் தடுக்கப்பட்ட பாதையில் வில்லுவண்டி ஓட்டினார். அது எல்லோருக்கும் தெரியும். அவர் பிற்பாடு ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக எழுந்து நின்று தன் ஜனத்துக்கு நிலமும் பள்ளிக்கூடமும் கேட்டார் என்பதைத்தான் நான் அதிகமாக நினைப்பேன். வாயைப் பொத்த வேண்டிய குலத்தில் பிறந்தவர் ராஜாவின் சபையில் வாய் திறந்து பேசினார். எழுத்தறியாதவர், பேச்சறிந்தவர்.

வேதத்தில் எனக்குப் பிடித்த இடம் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். பதினெட்டு வருஷமாகக் கூனி, நிமிர முடியாத ஒரு ஸ்திரீ ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்கு வருகிறாள். இயேசு அவளைக் கூப்பிடுகிறார், கை வைக்கிறார், அவள் நிமிர்கிறாள். அதோடு கதை முடிந்திருக்கலாம். ஜெப ஆலயத் தலைவன் கோபப்படுகிறான். சுகமாக வேறே ஆறு நாள் இல்லையா என்று ஜனங்களைப் பார்த்துப் பேசுகிறான். அவளைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. அப்போதுதான் இயேசு, எல்லார் காதும் கேட்க, அவளை ஆபிரகாமின் மகள் என்கிறார். கை வைத்தபோது முதுகு நிமிர்ந்தது. இந்த வார்த்தையில் அவளுக்குக் குடும்பம் கிடைத்தது, வம்சம் கிடைத்தது, அந்தக் கோவிலில் உட்கார இடம் கிடைத்தது. பாட்டி இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அழுவாள். அவளுக்கு முதுகு வலி என்று நினைத்துக்கொள்வேன் நான்.

கவனித்துப் பார்த்தால், வேதத்தில் ஆளைத் தூக்கி நிறுத்துகிற வார்த்தை பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. கிதியோன் எதிரிக்குப் பயந்து, திராட்சை ஆலையில் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தபோது தேவதூதன் வந்து அவனைப் பராக்கிரமசாலி என்கிறான். கிதியோனுக்கு நம்பிக்கை வரவில்லை. என் குடும்பம் எளியது, அதிலும் நான் கடைசி என்று பதில் சொல்கிறான். எரேமியா நான் சிறுபிள்ளை என்கிறார். அப்படிச் சொல்லாதே என்று கர்த்தர் தடுக்கிறார். இரண்டு பேரும் கண்ணாடி முன் நின்று தங்களுக்குத் தாங்களே தைரியம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருவர் வந்து சொன்னார். அவர்கள் முதலில் மறுத்தார்கள். பிறகு மெதுவாக அந்த வார்த்தைக்குள் வளர்ந்தார்கள்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. பள்ளியில் படிக்கும்போது வாத்தியார் ஒருவர் என்னை 'ஒண்ணுக்கும் கொள்ளாதவன்' என்பார். கணக்கு தப்பினால், சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால், வகுப்புக்குத் தாமதமாக வந்தால் எல்லாவற்றுக்கும் அதே பட்டம். பையன்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பட்டணத்துக்கு வந்தபின் இங்கே தமிழனுக்கென்று 'பாண்டி' என்ற பெயர் காத்திருந்தது. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகும், ஃபைலில் ஒரு குறிப்பு எழுதப் பேனாவைத் திறந்தால் காதுக்குள் வாத்தியார் குரல் கேட்கும்.

அந்த நாட்களில் கேசட் பிரசங்கங்கள் வந்திருந்தன. தினமும் காலையில் வாயால் இன்னின்ன வாக்கியங்களை அறிக்கையிடு, அது நடக்கும் என்று ஒரு கேசட்டில் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு வாக்கியம் காகிதத்தில் எழுதி, கதவைச் சாத்திக்கொண்டு உரக்கச் சொல்வேன். அந்த இளைஞனை இப்போது நினைத்தால் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வருகிறது. எவ்வளவு சிரத்தையாகச் சொன்னான்! சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆபீஸ் படி ஏறுவதற்குள் வாத்தியார் முந்திக்கொள்வார்.

அவரை அங்கிருந்து எழுப்பி அனுப்பியது எங்கள் செக்ஷன் ஆபீசர் அம்மா. மலையாளி, கோவிலுக்குப் போய்ச் சந்தனம் இட்டுக்கொண்டு வருகிறவர். ஒருநாள் அவசரமாக ஒரு டிராஃப்ட் போக வேண்டியிருந்தது. யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, 'இவர் எழுதட்டும். இவர் எழுதினா நமக்குத் திருத்துற வேலை இருக்காது' என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். அவருக்கு அது ஆபீஸ் காரியம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன் பிறகு அவர் அடிக்கடி டிராஃப்ட் கொடுத்தார், நானும் எழுதினேன். சில மாதங்களில் பேனாவைத் திறக்கும்போது கேட்கிற குரல் மாறிவிட்டது. தேவன் ஒரு வார்த்தையை அனுப்ப வேண்டுமானால் நம் சபை அங்கத்தினர் வழியாகத்தான் அனுப்புவார் என்று கட்டாயம் இல்லை என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன்.

நான் வேதவசனத்தை வாயால் சொல்வதைக் குறைத்துப் பேசவில்லை. இன்றும் விடியற்காலையில் எழுந்தவுடன் சங்கீதம் ஒன்றைச் சத்தமாகச் சொல்கிறேன். அது எனக்குச் சாப்பாடு. நான் எதிர்க்கிறது, வாயால் சொன்னதாலேயே நடந்தாக வேண்டும், தப்பாகச் சொன்னால் தப்பாகவே நடந்துவிடும் என்று பயமுறுத்துகிற உபதேசத்தை. அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யன் எழுதியதும், அவருக்குப் பின் கென்னத் ஹேகின் பரப்பியதுமான போதனை இது. போன நூற்றாண்டில் அங்கே வளர்ந்து கேசட்டிலும் டிவியிலும் நம் ஊர் வரை வந்துவிட்டது. அதில் ஆறுதல் அடைந்தவர்கள் இருக்கலாம். அது செய்த காயத்தை நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருப்பதால் குமரி மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பஸ் ஏறி வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு நானும் சில சபையாரும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அப்படிப் பழக்கமானவர் ஒரு நடுத்தர வயது அம்மா. புற்றுநோய். வலியில் முகம் கறுத்திருக்கும். எப்படியம்மா இருக்கிறீர்கள் என்று கேட்டால், 'சுகமாயிட்டேன், ஸ்தோத்திரம்' என்பார். அவர் மகள் வெளியே வந்து என்னிடம் அழுதது. நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, வலிக்கிறது என்று சொன்னால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம், சுகம் தங்காது என்று யாரோ ஒரு பிரசங்கியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அம்மா ராத்திரி வாயில் துணியை வைத்துக்கொண்டு முனகுகிறாளாம்.

வாயில் துணி. எனக்கு உடனே பாட்டியின் கை ஞாபகம் வந்தது. ஜன்மியின் முற்றத்தில் வாயைப் பொத்த வைத்தார்கள். இங்கே தேவனுடைய பெயரால் வாயைப் பொத்த வைத்துவிட்டார்கள்.

அந்த அம்மாவிடம் நான் பிரசங்கம் பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யோபுவின் கதையைச் சொன்னேன். யோபு தன் பிறந்த நாளையே சபித்தார், தேவனோடு வழக்காடினார், வலிக்கிறது வலிக்கிறது என்று அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார். சிநேகிதர்கள் வந்து இப்படியெல்லாம் பேசாதே என்று அடக்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் என்ன தீர்ப்பு சொல்கிறார்? என்னைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுதான், நீங்கள் இல்லை என்று அந்தச் சிநேகிதர்களிடம் சொல்கிறார். இயேசுவும் கெத்செமனேயில் தம் ஆத்துமா துக்கத்தில் இருப்பதைச் சீஷர்களிடம் மறைக்கவில்லை. சிலுவையில் அவர் கூப்பிட்டது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் அழுகை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'அம்மா, வலிக்குதுன்னா அப்பாகிட்ட வலிக்குதுன்னு சொல்லலாம்' என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டு அழுதார். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டது. அந்த அம்மா பிழைக்கவில்லை. ஆனால் கடைசி நாட்களில் மகளோடு மனம்விட்டுப் பேசினார். என்னென்ன செய்ய வேண்டும், நகையை யாருக்குக் கொடுக்க வேண்டும், தம்பியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: அப்படியானால் நாங்கள் எதைத்தான் சொல்ல வேண்டும் தாத்தா? நல்ல கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நோய் என்றால் நோய். பயம் என்றால் பயம். அதே மூச்சில், நான் தேவனுடைய பிள்ளை என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அதுவும் உண்மை. என் பாட்டி கூலி நெல் குறைந்துபோனதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. 'உம்ம மவ' என்று சொல்லாமலும் விட்டதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அவளுடைய ஜெபம்.

அந்தக் கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைக்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இது வாலிபர்களுக்கு இல்லை, அவர்களைப் பெற்றவர்களுக்கு. நம் வீடுகளில் கோபம் வந்தால் வாயில் வருகிற வார்த்தைகளை ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள். சனியன், மூதேவி, விளங்காதவன், தரித்திரம். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வரும் நாளில் நம் தெருவில் எத்தனை வீட்டில் இந்தச் சத்தம்! குடும்ப ஜெபத்தில் அந்தப் பிள்ளையைக் கர்த்தர் தந்த ஈவு என்று சொல்லியிருப்போம். சகோதரனை மூடன் என்று சொல்வதை இயேசு மலைப்பிரசங்கத்தில் கொலையின் பக்கத்தில் வைத்துப் பேசினார். அதை வாசித்துவிட்டு நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். ஜன்மிக்குப் பயந்து தன் பிள்ளையைக் கன்றுக்குட்டி என்று சொன்ன தகப்பனுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. எந்தக் கட்டாயமும் இல்லாமல் நம் பிள்ளைகளை நாமே தாழ்த்திப் பேசுகிறோம் என்றால், முன்னோர்கள் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். கோவிலைக் கூட்டிப் பெருக்குகிறவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், அசனப் பண்டிகையில் விடிய விடிய அண்டா கழுவுகிறவர் உங்கள் சபையிலும் இருப்பார்கள். அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம்? பல இடங்களில் செய்கிற வேலையின் பெயரே அவர்கள் பெயராகிவிட்டது. அவர்களுக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அது சபைப் பதிவேட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நாலு பேர் காதில் விழும்படி, அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி அவர்களைக் கூப்பிடுங்கள்.